ரயில் விட்டுச் சென்ற பாதை

"ஏன்க்கா திரும்பித் திரும்பிப் பாக்க? பின்னால ஒண்ணும் வராது."

தம்பி சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. க்ளைட் என்ற ஊரிலிருந்து கிளம்பி மூன்று கிலோமீட்டர்கூட ஆகவில்லை. அதற்குள் பத்துத் தடவையாவது வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்திருந்தேன்.

"பழக்கம்லே, விட மாட்டேங்கு" என்றேன்.

நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரி. எட்டாம் வகுப்பிலிருந்து சைக்கிள்தான். படிக்கப் போனதும் சைக்கிளில், பிறகு பாடம் சொல்லிக்கொடுக்கப் போனதும் சைக்கிளில். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாலையில் மணல் லாரி ஒன்று உரசுகிறாற்போலக் கடந்துபோனதில் சாலையோரப் பள்ளத்தில் விழுந்தேன். இடது மணிக்கட்டு முறிந்தது. லாரி நிற்கவில்லை. கட்டுப் பிரித்த பிறகும் கொல்லைச் சுவரில் சாத்திய சைக்கிளை நான் எடுக்கவில்லை. காலில் தெம்பு இருந்தது. பின்னால் என்ன வருகிறது என்று பிடரியில் ஒரு காதை வைத்துக்கொண்டே ஓட்டுகிற தெம்புதான் போய்விட்டது.

அந்தப் பயத்தை நான் இறக்கிவைத்த இடம், நியூசிலாந்தின் தென்தீவில், ஒட்டாகோ மலைநாட்டுக்குள் 152 கிலோமீட்டர் நீளும் ஒரு சரளைப் பாதை. ஒட்டாகோ சென்ட்ரல் ரயில் ட்ரெயில் என்று பெயர். அதில் கார் போகாது, லாரி போகாது, மோட்டார் சைக்கிளும் போகாது. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் மட்டுமே அனுமதி. ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம் அது.

கிரைஸ்ட்சர்ச்சில் வேலை பார்க்கும் தம்பி மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பணி ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கும்போதே, ஒரு நவம்பரில் போய்ச் சேர்ந்தேன். நமக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழை, அங்கே வசந்தம். நண்பகலில் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஐந்து நாட்களில் நிதானமாக ஓட்டி முடிப்பது என்று திட்டம்.

தங்கம் கொண்டுவந்த தண்டவாளம்

இந்தப் பாதையின் பிறப்பு தங்கத்தில் இருக்கிறது. 1861-இல் கேப்ரியல் ரீட் என்பவர் ஒட்டாகோவில் தங்கம் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே ஹார்ட்லி, ரைலி என்ற இருவர் க்ளைடுக்கு மேலே உள்ள ஆற்றுப் பள்ளத்தாக்கில் அரித்தெடுத்த 87 பவுண்டு தங்கத்தை, அதாவது ஏறக்குறைய 40 கிலோவை, டுனிடின் நகரத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். பிறகு கேட்கவா வேண்டும்? மரமே இல்லாத அந்த மலைகளுக்குள் ஆயிரக்கணக்கானோர் மண்வெட்டியோடு ஏறினார்கள்.

ஆட்கள் போன பின்னால் ரயில் போனது, மெதுவாக. 1879-இல் டுனிடின் பக்கமிருந்து வேலை தொடங்கியது. மிடில்மார்ச்சை எட்ட 1891. ரான்ஃபர்லிக்கு 1898. க்ளைடுக்கு 1907. கடைசி ஊரான க்ராம்வெல்லுக்கு 1921. அதற்குள் தங்கத்தின் காலம் ஓய்ந்து, ஆடும் கம்பளியும் பழங்களும் ரயிலேறத் தொடங்கியிருந்தன. ஒரு தலைமுறை முழுக்க அந்த ஊர்களுக்கு வெளியுலகம் என்றால் அந்த ரயில்தான்.

பின்பு சாலைகள் வந்தன, லாரிகள் வந்தன. 1976-இல் பயணிகள் சேவை நின்றது. க்ளைடில் ஆற்றை மறித்துப் பெரிய அணை கட்டியதால், அதற்கான பொருட்களைச் சுமந்து இன்னும் சில வருடங்கள் தடம் உயிரோடு கிடந்தது. அணை வேலை முடியும் தறுவாயில், 1990 ஏப்ரல் 30-ஆம் தேதி, அதையும் மூடினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். ஸ்லீப்பர் கட்டைகள் போயின. மிஞ்சியது ஜல்லிக் கரைமேடும் பாலங்களும் மலைக்குள் குடைந்த சுரங்கங்களும்.

இந்த இடத்தில்தான் கதை வேறு பக்கம் திரும்புகிறது. 1993-இல் அந்த நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை க்ளைட் முதல் மிடில்மார்ச் வரையிலான தடத்தை அப்படியே வாங்கியது. உள்ளூர் மக்கள் ஓர் அறக்கட்டளை வைத்துப் பணம் திரட்டினார்கள். ஜல்லியின் மேல் சரளை கொட்டி அமுக்கினார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட பாலங்களுக்குப் பலகை அடித்துக் கைப்பிடி வைத்தார்கள். 2000-ஆம் ஆண்டு முழுப் பாதையும் திறந்தது. ஆரம்பத்தில் விவசாயிகள் பலர் இதை விரும்பவில்லை. ஊர் பேர் தெரியாதவர்கள் நிலத்துக்குள் புழங்குவார்கள், வாயிலைத் திறந்துபோட்டுவிட்டுப் போவார்கள், ஆடு கலையும் என்று அவர்களுக்குக் கவலை. நியாயமான கவலைதான். அவர்களில் பலருடைய வீடுகளே பின்னாளில் சைக்கிள் பயணிகள் தங்கும் விடுதிகள் ஆயின.

ஐம்பதுக்கு ஒன்று

முதல் எட்டுக் கிலோமீட்டர், அலெக்சாண்ட்ரா வரை, சமதளம். அந்த ஊரின் மலைச்சரிவில் ஒரு பெரிய கடிகாரத்தைப் பதித்திருக்கிறார்கள். ஊரில் எங்கிருந்தும் மணி தெரியும். ஊரைச் சுற்றியுள்ள வறண்ட சரிவுகள் ஊதா நிறத்தில் கிடந்தன. தைம் என்னும் ஓமத்தின் சாயல் கொண்ட மூலிகை. தங்கம் தேடி வந்தவர்கள் கொண்டுவந்த செடி காடாய்ப் பரவிவிட்டது என்கிறார்கள். வெயில் ஏற ஏற அதன் வாசனையும் ஏறியது. திருச்செந்தூர் பாதயாத்திரையில் வழியெங்கும் விபூதியும் பன்னீரும் மணப்பதுபோல, இந்தப் பாதையின் முதல் பகல் எனக்கு அந்த மணத்தோடுதான் நினைவில் இருக்கிறது.

வாடகைக்கு எடுத்த சைக்கிளில் டயர் நம் ஊர் சைக்கிளைவிட ஒன்றரை மடங்கு அகலம். கடைக்காரர் காற்றைக் கொஞ்சம் குறைத்தே விட்டிருந்தார். சரளையில் கல்லென்று இறுகிய டயர் துள்ளும். கொஞ்சம் தளர்ந்த டயர் கல்லைக் கவ்விக்கொண்டு போகும். இரண்டு பாடங்களை முதல் நாளே கற்றேன். சரளை தளர்ந்து கிடக்கும் இடத்தில் முன் பிரேக்கைப் பிடிக்கவே கூடாது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் சைக்கிள் அலைபாயும். விரல்களைத் தளர்த்தினால் அதுவே வழி பார்த்துக்கொள்ளும்.

சாட்டோ க்ரீக் என்ற இடத்தில் ஒரு பழைய கல் விடுதி. 1886-இல் கட்டியது. அதன் பக்கத்தில் 1892-ஆம் ஆண்டுத் தபால் நிலையம் ஒன்று, ஓர் ஆள் நின்றால் நிரம்பிவிடும் அளவுக்கு. அங்கே நிழலில் உட்கார்ந்து, தம்பி மனைவி கட்டிக்கொடுத்த புளியோதரையைப் பிரித்தோம். அதன் பிறகு டைகர் ஹில்.

பெயரைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. "இறங்கித் தள்ளிர்றேன்லே" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். தம்பி சிரித்தான். "அக்கா, ரயில் ஏறுன மேடு இது. ஒன்னால ஏற முடியாதா?"

அவன் சொன்னதில் ஒரு பெரிய பொறியியல் ரகசியம் இருக்கிறது. நீராவி எஞ்சினுக்கு ஏற்றம் பகை. பல நூறு டன் சுமையோடு இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்காமல் ஏற வேண்டும். அதனால் இந்தத் தடத்தைப் போட்டவர்கள் எந்த மலையையும் நேராக ஏறவில்லை. வளைத்து, நெளிந்து, மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, ஐம்பது அடி போனால் ஒரு அடிக்கு மேல் உயராதபடி பார்த்துக்கொண்டார்கள். டைகர் ஹில்லில்தான் அந்த உச்ச அளவு. நாங்கள் ஓர் அகன்ற லாடம்போல மலையைச் சுற்றி வளைந்து, மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே மேலே போய்விட்டோம். உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தால் நாங்கள் வந்த பாதை கீழே நூல்போலக் கிடந்தது. எஞ்சினுக்காக நூறு வருடங்களுக்கு முன் செய்த கணக்கு, ஐம்பது வயது தாண்டிய என் முட்டிக்கு உதவியது.

பாதையில் எனக்கு எதிரே வந்தவர்களில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். எழுபதைக் கடந்த தம்பதிகள், பேத்தியைப் பின்னால் ஓட்டவிட்டு முன்னால் போன தாத்தா. மலைநாட்டில் சைக்கிள் என்றால் இளம் கால்களுக்கே என்ற எண்ணத்தை டைகர் ஹில்லிலேயே விட்டுவிட்டேன்.

மலைக்குள் ஒரு வழி

முதல் இரவு ஒமகாவ். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓஃபிர் என்ற தங்கக் கால ஊர். 1880-இல் கட்டிய தொங்குபாலமும் 1886-இன் கல் தபால் நிலையமும் அப்படியே நிற்கின்றன. இதே ஓஃபிரில் 1995 ஜூலையில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 21.6 டிகிரிக்கு இறங்கியிருக்கிறது. கோடையில் பாறை கொதிக்கும், குளிரில் ஆறு உறையும் ஊர். கடல் எட்டாத உள்நாட்டின் இயல்பு அது.

இரண்டாம் நாள்தான் இந்தப் பாதையின் உயிர். லாடரைத் தாண்டி மனுஹெரிக்கியா ஆற்றைக் கடந்ததும் ஊர் மறைகிறது, வீடு மறைகிறது, தார்ச் சாலையின் சத்தமும் மறைகிறது. பூல்பர்ன் பள்ளத்தாக்கு. காருக்கு அங்கே வழி இல்லை. இரண்டு பக்கமும் அடுக்கடுக்கான சிஸ்ட் பாறைகள், யாரோ பலகைகளை அடுக்கிவைத்ததுபோல. அவற்றுக்கிடையே பொன்னிறப் புல் கொத்துக்கொத்தாய். அந்தப் பாறையை இரண்டு இடங்களில் குடைந்து சுரங்கம் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் இருநூறு மீட்டருக்கு மேல்.

சைக்கிளிலிருந்து இறங்கி டார்ச்சை எடுத்தோம். பத்தடி உள்ளே போனதுமே பகல் முடிந்துவிட்டது. நடுப்பகுதியில் டார்ச்சை அணைத்துப் பார்த்தேன். கையைக் கண்ணுக்கு முன் நீட்டினாலும் தெரியவில்லை. எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். டார்ச்சைப் போட்டுச் சுவரில் வெளிச்சத்தை ஓட்டினால், பாறையில் உளி விழுந்த தடம். குளிரில் விரல் விறைக்கும் இந்த மலையில், கூடாரம் அடித்துத் தங்கி, வெடி வைத்தும் கடப்பாரை போட்டும் இதைக் குடைந்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. நெல்லைச் சீமையில் மலையடிவாரத்து அணைகளைப் பார்க்கும்போதும் எனக்கு இந்த நினைப்பு வரும். கல்லைச் சுமந்தவர்களின் பேர், கல்லுக்குள்ளேயே போய்விடுகிறது.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் உயர்பாலம். அடியில் ஓடை 37 மீட்டர் ஆழத்தில். அந்த மலையின் கல்லையே வெட்டி அடுக்கிய தூண்கள் இரும்புக் கிராதியைத் தாங்கி நிற்கின்றன. பாலத்தின் நடுவில் சைக்கிளை நிறுத்தினேன். காற்று கம்பிகளில் புகுந்து மெல்லப் பாடியது. வானம்பாடி ஒன்று உயரத்தில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால், ஒரு சத்தமும் இல்லை.

அப்போதுதான் கவனித்தேன். காலையிலிருந்து நான் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்த்திருக்கவில்லை.

பயம் போனால் முதலில் திரும்ப வருவது காதுதான். வாகனச் சாலையில் என் காது முழுக்க முழுக்கக் காவல் வேலை பார்த்தது. இங்கே அதற்கு வேலை இல்லாமல் போனதும், டயருக்கடியில் சரளை நொறுங்கும் ஓசை, வேலிக் கம்பியில் சிக்கிய ஆட்டுக் கம்பளி காற்றில் படபடப்பது, தூரத்தில் மேய்ப்பவர் நாய்க்கு அடிக்கும் சீட்டி என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. பள்ளி நாட்களில் வயல் வரப்பில் சைக்கிள் ஓட்டியபோது கேட்டது போன்ற கேட்பு அது.

ஹன்னாவின் சைக்கிள்

பள்ளத்தாக்கிலிருந்து ஐடா சமவெளிக்கு வந்து ஒட்டூரெஹுவாவை அடைந்தபோது மாலை நான்கு. சிற்றூர். அதன் ஓரத்தில் தகரமும் மண்கல்லும் கொண்ட ஒரு பழைய பட்டறை. ஹேய்ஸ் எஞ்சினியரிங். எர்னஸ்ட் ஹேய்ஸ் என்பவர் 1895-இல் தொடங்கியது. முயல்கள் பெருகி மேய்ச்சல் நிலத்தை அழித்துக்கொண்டிருந்த காலம். முயலுக்கு வைக்கும் விஷ உருண்டைகளை வெட்ட ஒரு கருவி செய்தார். அடுத்து, வேலிக் கம்பியை இழுத்து முறுக்கும் கருவி. அது பல நாடுகளுக்குப் போனது. தண்ணீர் விசையில் சுழலும் பெல்ட்டன் சக்கரமும், கூரையெங்கும் ஓடும் தோல் பட்டைகளும், இன்றும் இயங்கும் நிலையில் இருக்கின்றன. நாட்டின் மரபுச் சின்னங்களைக் காக்கும் நிறுவனம் அதைப் பராமரிக்கிறது.

ஆனால் என்னை அங்கே நிறுத்திவைத்தது அவருடைய மனைவி ஹன்னா. கணவர் செய்த கருவிகளை விற்கக் கிளம்பியவர் அவர். எப்படிக் கிளம்பினார் தெரியுமா? சைக்கிளில். பிள்ளைகள் நிறைந்த வீட்டை நடத்திக்கொண்டே, பண்ணை பண்ணையாகப் போய், கருவியைக் காட்டி, ஆர்டர் பிடித்துத் திரும்பியிருக்கிறார். மலை தாண்டி வடக்கே மெக்கன்சி வட்டாரம் வரை. கியர் கிடையாது. இந்தப் பாதை கிடையாது. இங்கே அப்போது ரயிலே வரவில்லை. வண்டிச் சக்கரம் உழுத தடங்கள், பாலமில்லாத ஓடைகள், அவ்வளவுதான். அந்தப் பட்டறையின் கருவிகள் பரவியதில் பாதி அந்தப் பெண்ணின் காலால் நடந்தது என்பேன்.

பட்டறை வாசலில் நின்றபோது எனக்குப் புதுக்கோட்டை நினைவு வந்தது. 1991-92-இல், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்கள். கல்குவாரித் தொழிலாளியும் அங்கன்வாடி ஊழியரும் குடத்தையும் பிள்ளையையும் வைத்து மிதித்துப் போனார்கள். நான் அப்போது ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அம்மாவுக்கும் சைக்கிள் கற்றுக்கொடுக்க முயன்றேன். ஹன்னாவுக்கும் அந்தப் பெண்களுக்கும் இடையே ஒரு நூற்றாண்டும் ஒரு பெருங்கடலும் இருக்கின்றன. கிடைத்த விடுதலை ஒன்றுதான்: யாரையும் கேட்காமல் பத்து மைல் போய்வரலாம்.

உச்சியும் காற்றும்

மூன்றாம் நாள், கடல் மட்டத்திலிருந்து 618 மீட்டரில் பாதையின் உச்சி. அலெக்சாண்ட்ராவிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கும் மேல், உணராமலே ஏறியிருந்தோம். அதன் அருகிலேயே 45-ஆம் அட்சக்கோட்டைக் கடக்கிறோம்; நிலநடுக்கோட்டுக்கும் தென் துருவத்துக்கும் நடுவே நிற்கிறோம். வடக்கே ஹாக்டன் மலைத்தொடர், தலையைச் சீவிவிட்டாற்போலத் தட்டையாக, பள்ளங்களில் இன்னும் பனியோடு.

அங்கிருந்து வெடர்பர்ன். தனியாக நிற்கும் பச்சைத் தகரச் சரக்குக் கொட்டகை. கிரஹாம் சிட்னி என்ற ஓவியர் 1975-இல் இதை வரைந்து நாடறியச் செய்தார். ரயில் நின்ற பிறகு கொட்டகையை வேறெங்கோ கொண்டுபோய்விட்டார்கள். ஊர் மக்கள் அதைத் தேடி எடுத்துவந்து பழைய இடத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்கள் எனக்குப் பிடித்துப்போயின. வெடர்பர்ன், கைபர்ன், கிம்மர்பர்ன், மேர்பர்ன். பர்ன் என்றால் ஓடை. 1857-இல் இந்த நிலத்தை அளந்த ஜான் டர்ன்புல் தாம்சன் வைத்த பெயர்கள். வெடர் காயடித்த கிடா, கை பசு, கிம்மர் இளம் பெட்டை ஆடு, மேர் பெண் குதிரை. அவர் முதலில் பரிந்துரைத்த மாவோரிப் பெயர்களை மேலிடம் ஏற்கவில்லை, அதனால்தான் தொழுவத்தையே வரைபடத்தில் அடைத்துவிட்டார் என்று ஊரில் கதை சொல்கிறார்கள். இந்தச் சமவெளிக்கு மட்டும் மாவோரிப் பெயர் தங்கிவிட்டது: மனியொட்டோட்டோ.

ரான்ஃபர்லியில் ஒரு நல்ல ஏற்பாடு. ஊரைச் சூரியனாக வைத்து, பாதையின் நீளத்துக்குக் கோள்களை நிறுவியிருக்கிறார்கள். பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவு. அந்தக் கணக்கில் பூமி சூரியனிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கும். குறுக்களவு பதின்மூன்று சென்டிமீட்டர், ஒரு சாத்துக்குடியைவிட நன்றாகவே பெரிது. நெப்டியூனுக்கு 45 கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். இருபத்தைந்து வருடமாகக் கரும்பலகையில் சூரியக் குடும்பம் வரைந்தவள் நான். அந்த வெறுமை எவ்வளவு பெரியது என்று என் தொடைச் சதைக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

நான்காம் நாள் காற்று எங்களைப் பிடித்துக்கொண்டது. ஆடிக் காற்றைத் தின்று வளர்ந்தவள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. வைபியாட்டாவைத் தாண்டியதும் அது கலைந்தது. கீழிறங்கும் சரிவிலும் மிதித்தால்தான் சைக்கிள் நகர்ந்தது. தம்பி முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்ள, அவன் முதுகை ஒட்டிப் பின்னால் போனேன். தண்டவாளத்தைப் பராமரித்த கேங்மேன்கள் ஒதுங்கிய கொட்டகை மாதிரியில் வழியெங்கும் சின்னச் சின்னத் தகரக் கூடுகள் கட்டி, உள்ளே அந்தந்த இடத்தின் கதையை எழுதிவைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஒன்றையும் விடாமல் எல்லாக் கூட்டிலும் நுழைந்தோம். சிறுவயதில் மழைக்கு ஒதுங்கிய ரயில்வே கேட் கீப்பர் அறையின் மணம்தான் உள்ளே.

ஹைடுக்கு அருகே ஒரு வெட்டுப்பள்ளம். 1943 ஜூன் 4-ஆம் தேதி, க்ராம்வெல்லிலிருந்து டுனிடின் போன ரயில் வளைவில் அளவுக்கு மீறிய வேகத்தில் வந்து தடம் புரண்டது. 21 பேர் இறந்தார்கள். இன்று இரண்டு பக்கமும் புல் வளர்ந்து, ஆட்டுக்குட்டிகள் மேய்கின்றன. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அந்த இடத்தைக் கடந்தோம். பேசவில்லை.

துண்டாகாத நிலம்

ஐந்தாம் நாள் பிற்பகல், ராக் அண்ட் பில்லர் மலைத்தொடரை வலப்பக்கம் வைத்துக்கொண்டு மிடில்மார்ச்சுக்குள் நுழைந்தோம். 152 கிலோமீட்டர். ஊருக்கு ஊர் முத்திரை குத்தி வாங்கிய சிறு கையேடு நிரம்பியிருந்தது. தம்பி என் கையைக் குலுக்கவில்லை. பள்ளி நாட்களில் செய்ததுபோல என் சைக்கிள் மணியை ஒரு தடவை அடித்துவிட்டுப் போனான்.

வழிநெடுக ஒன்றை விசாரித்துக்கொண்டே வந்தேன். பாதை வந்து உங்களுக்கு என்ன ஆயிற்று? விடுதி நடத்தும் அம்மாள் சொன்னார்: மூட இருந்த கடை மூடவில்லை. பண்ணைக்காரர் சொன்னார்: கம்பளி விலை விழுந்த வருடம் மனைவி சுட்ட ரொட்டியும் இரண்டு வாடகை அறையும் வீட்டைத் தாங்கின. பெட்டிகளை ஊருக்கு ஊர் வேனில் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர், இல்லாவிட்டால் நான் இந்த ஊரில் இருக்கமாட்டேன் என்றார். கார் இந்த ஊர்களை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும். சைக்கிள் ஐந்து நாள் தங்கும், ஐந்து நாளும் பசிக்கும். இந்தப் பாதையின் வெற்றியைப் பார்த்துத்தான் 2009-இல், ஜான் கீ பிரதமராக இருந்தபோது, நாடு முழுக்கச் சைக்கிள் பாதைகள் போடும் திட்டம் தொடங்கியது. இன்று அப்படி இருபதுக்கும் மேற்பட்ட நெடும்பாதைகள் அங்கே இருக்கின்றன.

இத்தனைக்கும் அடிப்படை ஒன்றே ஒன்று. ரயில் நின்றபோது தடத்தைத் துண்டு துண்டாக விற்றுவிடாமல் வைத்திருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு கிலோமீட்டர் கைமாறி வேலி விழுந்திருந்தால் 152 கிலோமீட்டரும் செத்திருக்கும். நீளமான, ஒடியாத நிலம் ஒருமுறை உடைந்தால் பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஒட்டாது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பாதைக்குக் கட்டணம் இல்லை. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். விமானத்தில் குயின்ஸ்டவுன் அல்லது டுனிடின் போய், அங்கிருந்து வேனில் க்ளைட் அல்லது மிடில்மார்ச் சேரலாம். சைக்கிள் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்; மிதிக்கத் தயக்கம் இருந்தால் மின் சைக்கிளும் உண்டு. டார்ச், மழைச்சட்டை, வெயிலுக்குப் பூச்சு, தாராளமாகத் தண்ணீர் மறக்கக் கூடாது. ஒரே நாளில் மூன்று பருவமும் வரும். பாதை சாலைகளைக் குறுக்கே வெட்டும் இடங்களில் மட்டும் நின்று பார்த்துப் போங்கள். வழியில் ஆட்டுக்கான வாயில்கள் வரும். திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். அந்த விவசாயிகளின் பழைய கவலைக்கு நாம் சொல்லும் பதில் அதுதான்.

ஊருக்கு வந்து கொல்லைச் சைக்கிளைத் துடைத்தேன். டியூப் இரண்டும் மக்கியிருந்தன, மாற்றினேன். இப்போது வாரத்தில் நான்கு நாள், விடியற்காலையில், கன்னடியன் கால்வாய்க் கரையில் ஓட்டுகிறேன். அதுவும் சரளையும் செம்மண்ணும் கலந்த பாதைதான். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், மேற்கே பொதிகை. நம் ஊர்களில் இப்படிக் கால்வாய்க் கரைகளும் குளத்துக் கரைகளும் வண்டித் தடங்களும் ஒடியாமல் நீண்டு கிடக்கின்றன. அவற்றை அகலப்படுத்தித் தார் போட்டுக் காருக்குத் திறந்துவிட வேண்டும் என்று ஊராட்சியில் பேச்சு வந்தால், ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும், சைக்கிளை விட்டுவிட்ட என் வயதுப் பெண்ணுக்கும், பின்னால் திரும்பிப் பார்க்காமல் போக ஒரு பாதை மிஞ்சட்டும் என்று சொல்லுங்கள்.